ஜனவரியில் கம்பளி, ஏப்ரலில் தலைவலி

போன டிசம்பர் கடைசியில் நான்கு வார இன்டர்ன்ஷிப்புக்காக கான்பூர் போனேன். கெமிக்கல் பையனுக்கு லீவில் வேறு என்ன கிடைக்கும்? ஒரு தோல் ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். தோலில் இருந்து முடியை எடுக்க சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுவார்கள். அந்தத் தண்ணீர் வந்து சேரும் தொட்டி ஓரம்தான் எனக்கு வேலை. அழுகின முட்டை வாடை எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அது ஸ்வெட்டருக்குள் புகுந்தால் லேசில் போகாது, ஏன்னா கம்பளி நூல் எந்த வாடையையும் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் ரகம். நான் கொண்டு போனதோ ஒரே ஸ்வெட்டர். காலையில் 6, 7 டிகிரி, வெளியே பனிமூட்டம், துவைத்தால் மூன்று நாளைக்குக் காயாது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர் மெதுவாக ஒரு சாண் தள்ளி உட்கார்ந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் உறைத்தது.

சரி, பையில் பாடி ஸ்ப்ரே இருக்கே என்று மறுநாள் குளித்துவிட்டு அடித்தேன். அடித்த இடத்தில் ஐஸ் கட்டி வைத்த மாதிரி ஒரு வெட்டு. காரணம் சிம்பிள். பாடி ஸ்ப்ரேயில் பெரும்பகுதி ஆல்கஹாலும் அதைத் தள்ளிவிடும் வாயுவும்தான். எத்தனால் ஒரு கிராம் ஆவியாக ஏறக்குறைய 850 ஜூல் வெப்பம் வேண்டும். அதை யாரிடம் வாங்கும்? நம்ம தோலிடம்தான். திருச்சியில் மே மாசம் இது சுகம், கான்பூரில் தண்டனை. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அந்த எலுமிச்சை வாசனை பஸ் ஸ்டாப் வருவதற்குள் காணாமல் போய், சல்பைடு மட்டும் மிச்சம் இருந்தது.

என் ரூம்மேட் கன்னோஜ்காரன். கான்பூரில் இருந்து 80 கிலோமீட்டர் சொச்சம். ஊர் முழுக்க அத்தர் காய்ச்சுகிற ஊர். நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு டிரங்குப் பெட்டியில் இருந்து சுண்டுவிரல் சைஸில் ஒரு பாட்டிலை எடுத்தான். "ஷமாமா. சர்தி மே யஹி லகாதே ஹை, பாய். கரம் ஹை." குளிர்காலத்தில் இதைத்தான் போடுவோம், இது சூடு. கண்ணாடிக் குச்சியில் தொட்டு மணிக்கட்டிலும் கழுத்திலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டான்.

உண்மையைச் சொன்னால் முதல் மோப்பத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் தலையை விட்ட மாதிரி இருந்தது. ஆனா மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே இருந்து மெதுவாக வேறு ஒன்று எழும்பி வந்தது. காரைக்குடியில் எங்க அப்பத்தா வீட்டு சமையல்கட்டு. அதோடு எண்ணெய் தேய்த்துக் குளிச்ச நாளில் தலைக்குப் பிடிக்கிற புகை. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தமிழே காதில் விழாத ஊரில், இந்த பாட்டிலுக்குள் இது எப்படி வந்தது?

அன்றைக்கு ராத்திரி ரூம்மேட்டிடம் அதில் என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு, முழுசாகச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய், ஜாதிபத்திரி, குங்குமப்பூ என்று விரல் விட்டு எண்ணினான். ஜடாமான்சி என்றான். அது நம்ம சடாமாஞ்சில். நாகர்மோத்தா என்றதைப் போனில் படம் போட்டுப் பார்த்தேன், நலங்கு மாவில் போடும் கோரைக்கிழங்கு. கடைசியா "சரீலா" என்று ஒன்று. பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டி வளரும், காய்ந்த சாம்பல் நிறத் தோல் மாதிரி இருக்குமாம். படத்தை அப்பத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் போன் வந்தது. "ஏன்டா, கல்பாசிய எதுக்குடா போட்டோ புடிச்சு அனுப்புற? அங்க சமைக்கிறியா?"

செட்டிநாட்டுக் குழம்பில் தாளிக்கிற கல்பாசிதான் கன்னோஜ் அத்தரில் சரீலா. மர்மம் பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை. ஒரு வாசனையை "சூடு" என்று சொல்கிறோமே, அது என்ன சூடு? தெர்மாமீட்டரில் தெரியுமா?

தேக், பப்கா

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு கன்னோஜ் போனேன். முதல் தடவை பார்க்கிறவனுக்கு அது ஃபேக்டரி மாதிரியே இருக்காது. வரிசையாக மண் அடுப்புகள், அதன் மேல் பானை வயிறு மாதிரி செம்பு அண்டாக்கள். அண்டாவுக்குப் பெயர் தேக். உள்ளே தண்ணீரும் மூலப்பொருளும் போட்டு மூடியைக் களிமண்ணும் பஞ்சும் பிசைந்து அடைத்துவிடுகிறார்கள். அதில் இருந்து ஒரு மூங்கில் குழாய் கீழே இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற இன்னொரு செம்புப் பாத்திரத்துக்குப் போகிறது. அது பப்கா. நம்ம லேபில் இருக்கும் டிஸ்டிலேஷன் செட்டப்பில் எலக்ட்ரிக் ஹீட்டரையும் கண்ணாடிக் கண்டென்சரையும் கழற்றிவிட்டு விறகையும் மூங்கிலையும் வைத்தால் இதுதான். பிரஷர் கேஜ் இல்லை, தெர்மாமீட்டர் இல்லை. வேலை செய்பவர் தண்ணீருக்குள் கையை விட்டு பப்காவைத் தொட்டுப் பார்க்கிறார், அடுப்பில் இருந்து ஒரு கட்டையை வெளியே இழுக்கிறார். பிராசஸ் கன்ட்ரோல் முடிந்தது.

இதில் ஒரு அழகான சங்கதி உண்டு. சந்தன எண்ணெயில் இருக்கும் சான்டலாலின் கொதிநிலை 300 டிகிரி பக்கம். கிராம்பின் யூஜினால் 250க்கு மேல். அப்புறம் எப்படி வெறும் தண்ணீர் கொதிக்கும் சூட்டில் இவையெல்லாம் ஆவியாகி வருகின்றன? மூன்றாம் செமஸ்டரில் படித்ததுதான். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களைச் சேர்த்துச் சூடாக்கினால், இரண்டின் ஆவியழுத்தங்களும் சேர்ந்து வளிமண்டல அழுத்தத்தைத் தொட்டால் போதும், கலவை கொதித்துவிடும். அதனால் 100 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே வாசனை எண்ணெய் நீராவியோடு தொற்றிக்கொண்டு வந்துவிடும். பரீட்சையில் எட்டு மார்க்குக்கு எழுதினேன். உண்மையில் புரிந்தது அந்த அடுப்பு ஓரத்தில்தான்.

பப்காவுக்குள் மரபாகச் சந்தன எண்ணெய் இருக்கும். வரும் ஆவி குளிர்ந்து இறங்கும்போது வாசனையை அந்த எண்ணெய் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் நிற்கும், அதை வடித்துவிட்டு அதே எண்ணெயை வைத்து மறுநாள் மறுபடி காய்ச்சுவார்கள். இப்படிப் பல நாள். ரோஜா, மல்லிகை, தாழம்பூ, வெட்டிவேர் எல்லாம் கோடைக்கு. ஷமாமாவும் ஹினாவும் குளிருக்கு. இந்தப் பிரிவினை அங்கே சின்னப் பையனுக்கும் தெரிகிறது.

கணக்கு தலைகீழாக வந்தது

வாசனைத் திரவியம் பற்றி எங்கே கேட்டாலும் ஒரு விளக்கம் கிடைக்கும்: "குளிரில் லேசான மூலக்கூறுகள் எழும்பாது. கனமான மூலக்கூறுகள்தான் வேலை செய்யும். அதனால்தான் வெனிலா, சந்தனம், பிசின் வகைகள் குளிருக்கு." நானும் நம்பினேன். ரூமுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்தபோது இரண்டு இடத்தில் இடித்தது.

முதல் இடி, "கனம்". எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீனின் மூலக்கூறு எடை 136. வெனிலாவின் வெனிலின் 152. பெரிய வித்தியாசமே இல்லை! ஆனா லிமோனீன் 176 டிகிரியில் கொதிக்கும் திரவம். வெனிலின் சாதாரண வெப்பத்தில் திடப்பொருள், 81 டிகிரி பக்கம் உருகும், 285 பக்கம் கொதிக்கும். அறை வெப்பத்தில் லிமோனீனின் ஆவியழுத்தத்தோடு ஒப்பிட்டால் வெனிலினுடையது பல ஆயிரம் மடங்கு குறைவு. ஆக, விஷயம் எடையில் இல்லை, ஒட்டுதலில் இருக்கிறது. லிமோனீன் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். வெனிலினில் ஆக்சிஜன் சேர்ந்த மூன்று தொகுதிகள் இருக்கின்றன, ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் தனியாக வந்தவன் சாப்பிட்ட உடனே கிளம்பிவிடுவான், நாலு பேரோடு கை கோத்து வந்தவன் லேசில் கிளம்ப மாட்டான். அந்தக் கதைதான்.

இரண்டாவது இடி இன்னும் பெரிசு. வெப்பம் குறைந்தால் ஆவியழுத்தம் எவ்வளவு குறையும் என்பதற்கு கிளாசியஸ்–கிளாப்பிரான் சமன்பாடு இருக்கிறது. சட்டைத் துணி ஏப்ரல் வெயிலில் 38 டிகிரி, ஜனவரி கான்பூரில் 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். லிமோனீன் மாதிரி சட்டென்று பறக்கிற பொருளுக்கு ஆவியாதல் வெப்பம் மோலுக்கு 50 கிலோஜூல் என்று எடுத்தால், குளிரில் ஆவியழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும். வெனிலின், சான்டலால் மாதிரி ஒட்டுகிற ரகத்துக்கு 80 என்று எடுத்தால்? பதினேழில் ஒரு பங்கு! இரண்டுமே தோராயக் கணக்குதான், ஆனா திசை மாறாது. மெதுவாக ஆவியாகிற பொருளைத்தான் குளிர் அதிகமாக அமுக்குகிறது.

அப்படின்னா குளிரில் ஷமாமா "நல்லா வேலை செய்யுது" என்பது தப்பா? இல்லை. அது அமுங்கி இருப்பதால்தான் நல்லா இருக்கிறது. இந்த வகைப் பொருட்கள் இயல்பிலேயே அடர்த்தியானவை. வெனிலின் மாதிரியானவற்றைக் காற்றில் மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். தைலத்தில் அவற்றைத் தாராளமாகவும் போடுகிறார்கள். வெயிலில் அந்தக் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். குளிரில் ஒவ்வொன்றாக வரும். எலுமிச்சையைப் பதினேழு மடங்கு அல்ல, ஆறு மடங்கு குறைத்தாலே நமக்குப் போதாது, ஏன்னா போட்டது அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இது ராத்திரி வரைக்கும் தீராது.

இன்னொன்று, மஃப்ளர். கழுத்துத் தோல் குளிர்காலத்திலும் மூடியிருந்தால் 33 டிகிரி பக்கம் இருக்கும். அதன் மேல் ஒரு கம்பளிக் கூரை. உள்ளே கதகதப்பாக ஆவியாகிறது, கம்பளி பிடித்து வைக்கிறது, தலையைக் குனிந்தால் மூக்குக்கு வருகிறது. வெளியே 10 டிகிரி காற்றில் நிற்பவனுக்கு அவ்வளவாகத் தெரியாது. குளிர்கால வாசனை ஏன் இதமாக இருக்கிறது என்று என்னைக் கேட்டால் பாதி பதில் இதுதான். அது நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் வாசனை.

ஏப்ரலில் என்ன ஆச்சு

இந்தத் தத்துவமெல்லாம் தெரிந்தும் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். ஊருக்குத் திரும்பும்போது ரூம்மேட் மிச்ச பாட்டிலை என் பையில் போட்டுவிட்டான். ஏப்ரலில் ஒரு கம்பெனி இன்டர்வியூ. ராசியான பாட்டில், கான்பூரில் மானத்தைக் காப்பாற்றியது, இங்கேயும் காப்பாற்றட்டும் என்று கழுத்தில் இரண்டு இழுப்பு. டை கட்டி, கோட்டு போட்டு, ஃபேன் இல்லாத வராந்தாவில் ஒன்றரை மணி நேரம் வரிசை. பக்கத்தில் இருந்த என் பெஞ்ச்மேட் முதலில் சொன்னான்: "மச்சி, யாரோ பிரியாணி கொண்டு வந்திருக்காங்கடா." எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து நிமிஷம் கழித்து அவனே, "டேய், அது நீதானா? தலை வலிக்குதுடா," என்று இரண்டு நாற்காலி தள்ளிப் போனான்.

உள்ளே போனால் சின்ன அறை, மூன்று பேர், மூடிய கண்ணாடி. ஒருத்தர் தும்ம ஆரம்பித்தார். நாலாவது தும்மலில், ரொம்ப மரியாதையாக, "தம்பி, நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி போட்டுக்குறீங்களா?" என்றார். போட்டுக்கொண்டேன். கான்பூர் ஷேர் ஆட்டோ ஞாபகம் வந்தது. அங்கே வாசனை போதாமல் ஒருத்தர் தள்ளி உட்கார்ந்தார், இங்கே அதிகமாகி. வேலை கிடைக்காததுக்கு அத்தரா காரணம் என்றால் அதெல்லாம் இல்லீங்க. இரண்டாவது கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் மூக்கைப் பொத்துகிற ஒருவர் முன்னால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் பற்றிப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பென்சீனுக்குப் பேர் வைத்தது சாம்பிராணி

மிச்சப் பாதிப் பதில் மூக்கில் இல்லை, தலைக்குள் இருக்கிறது.

புதினா குளிர்ச்சி என்றால் அது வெறும் பேச்சு இல்லை. நம் நரம்பு நுனியில் குளிரை உணர டி.ஆர்.பி.எம்.8 என்ற ஏற்பி இருக்கிறது. மென்தால் அதையே போய்த் தட்டும், மூளை குளிர் என்று நம்பிவிடும். மிளகாயின் காப்சைசின் சூட்டுக்கான டி.ஆர்.பி.வி.1 ஏற்பியைத் தட்டும். இந்த ஆராய்ச்சிக்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டம் பட்டபூட்டியனுக்கும் 2021இல் மருத்துவ நோபல். கிராம்பின் யூஜினாலுக்கும் இந்தச் சூட்டு ஏற்பிகளில் வேலை உண்டு, ஆனா அதற்கு நாக்கில் வைத்துக் கடிக்கிற அளவு வேண்டும். கழுத்தில் ஒரு கோடு இழுத்தால் வருகிற ஆவிக்கு அந்தத் தெம்பு கிடையாது. வெனிலா, சாம்பிராணி சூடெல்லாம் பழகிப் போன சூடு. எந்த வாசனை எப்போதும் சூடான பொருளோடு சேர்ந்து வந்ததோ, அதை மூளை சூடு என்று எழுதி வைத்துக்கொள்கிறது.

அப்படி எவையெல்லாம் சூட்டோடு வந்தன என்று பார்த்தால் கெமிஸ்ட்ரி மறுபடி வந்து நிற்கிறது. மரக்கட்டையில் லிக்னின் இருக்கிறது. கட்டை எரியும்போது அது உடைந்து குவையகால் வகைகளும் கொஞ்சம் வெனிலினும் வெளியே வருகின்றன. விறகடுப்புப் புகையும் வெனிலா ஐஸ்கிரீமும் ஒன்றுவிட்ட சொந்தம். 1874இல் ஜெர்மனியில் டீமனும் ஹார்மனும் வெனிலினைச் செயற்கையாகச் செய்தபோது அதற்கு மூலம் ஊசியிலை மரங்களில் கிடைக்கிற கோனிஃபெரின். இன்றைக்கு உலகத்தில் தயாராகும் வெனிலினில் பெரும்பங்கு குவையகாலில் இருந்துதான். பழைய லைப்ரரிப் புத்தகத்தைத் திறந்தால் லேசாக ஒரு இனிப்பு வாசனை வருமே, அதிலும் இந்த லிக்னின் கைவரிசை உண்டு.

சாம்பிராணிக்கு வருவோம். பால் சாம்பிராணி என்று நாம் சொல்வது சுமத்ரா, லாவோஸ் பக்கம் வளரும் ஸ்டைராக்ஸ் மரத்தைக் கீறி எடுக்கிற பிசின். அதிலும் கொஞ்சம் வெனிலின் இருக்கிறது. அரபு வியாபாரிகள் இதை "லுபான் ஜாவி" என்றார்கள், ஜாவா குங்கிலியம் என்று பொருள். ஐரோப்பியர் வாயில் அது பென்ஜாயின் ஆகி, பென்சாயின் ஆனது. அதில் இருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சூடாக்கி ஐல்ஹார்ட் மிட்ஷெர்லிஷ் 1830களில் ஒரு திரவம் எடுத்துப் பெயர் வைத்தார். அதுதான் நம்ம பென்சீன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் நாம் வரைந்து தள்ளின அத்தனை அறுகோணத்துக்கும் பெயர் வந்தது அப்பத்தா தூபக்காலில் இருந்துதான்!

அப்பத்தா வீட்டில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் ஈரத் தலையைத் துவட்டி, கூடையைக் கவிழ்த்து, அதன் கீழே தணலில் சாம்பிராணி போட்டு முடியை விரித்துக் காட்டுவார்கள். பச்சைக் குழந்தைக்கும் அதே. குளிர்ந்த உச்சந்தலையில் அந்தக் கதகதப்பு ஏறும்போது கூடவே அந்த வாசனை. இப்படி இருபது வருஷம் பழக்கிவிட்டு, பிறகு கான்பூர் பஸ்ஸில் கொண்டுபோய் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? ஒரு தமிழ்ப் பையனுக்கு அந்த வகை வாசனை கதகதப்பாகத் தெரிய எந்த நிபுணரும் சொல்லித்தர வேண்டாம்.

இது நேற்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை முழுக்க வாடைக்காற்று வீசும் கூதிர்காலம். அந்தக் குளிரில் ஊர் என்ன செய்கிறது என்று அவர் சொல்லும்போது, சந்தனம் அரைக்கிற வட்டக்கல் வேலை இல்லாமல் கிடக்கிறது. பெண்கள் தலையில் மாலை சூடாமல், தகர விறகில் நெருப்பு மூட்டி அகில் கட்டையோடு வெள்ளை அயிர் போட்டுக் கூந்தலுக்குப் புகை காட்டுகிறார்கள். வெள்ளயிர் என்றால் கண்டசருக்கரை என்று உரை சொல்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பாருங்க: அகில் என்பது இன்றைக்கு 'ஊத்' என்ற பெயரில் சின்ன பாட்டிலில் பெரிய விலைக்கு விற்கிற மரம். சர்க்கரை தீயில் கருகினால் வருவது கேரமல் வாசனை, அதில் மால்டால் என்ற பொருள் இருக்கும். அதன் தம்பி எத்தில் மால்டாலை அள்ளிப் போட்டு 1992இல் பாரிஸில் 'ஏஞ்சல்' என்று ஒரு பெர்ஃப்யூம் வந்து, தின்பண்ட வாசனைக்கென்றே ஒரு தனி வகை உருவானது. ஊத்தும் கேரமலும் சேர்ந்த குளிர்கால வாசனையை நம்ம ஊர் எப்பவோ பரணில் வைத்திருக்கிறது.

சந்தனத்தை ஏன் ஒதுக்கினார்கள் என்று ஒரு கேள்வி வரும், கன்னோஜ் குளிர்கால அத்தருக்கு அடிப்படையே சந்தன எண்ணெய்தானே? இரண்டும் சரி. அரைத்த சந்தனத்தில் இருப்பது தண்ணீர். பூசினால் தண்ணீர் ஆவியாகித் தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். எண்ணெயில் தண்ணீர் கிடையாது, குளிர்ச்சியும் கிடையாது. மிஞ்சுவது சான்டலாலின் அந்த மெத்தென்ற மர வாசனை மட்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு

ஊட்டி டூர், மணாலி டூர், ஐதராபாத்துக்கு மேலே வேலை என்று போகிறவர்கள் கேட்பதால் சொல்கிறேன். பாட்டிலில் 'ஆம்பர்' என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், நியூஸில் வருகிற திமிங்கில அம்பர்கிரிஸ் அது இல்லை. அதை வைத்திருந்தால் இங்கே வனவிலங்குச் சட்டத்தில் கேஸ். பெர்ஃப்யூம்காரர்கள் ஆம்பர் என்று சொல்வது ஒரு கூட்டுக்குத்தான்: லாப்டனம் பிசின், பென்சாயின், வெனிலா. லாப்டனம் மத்தியதரைக் கடல் பக்கத்துப் புதர்ச் செடியின் பிசின். ஒரு காலத்தில் மேயப் போன ஆட்டுத் தாடியில் ஒட்டியதைச் சீவி எடுத்தார்கள். இந்தக் குடும்பத்தின் மூத்தவர்களில் ஒன்று 1925இல் வந்த கெர்லேன் கம்பெனியின் 'ஷாலிமார்'. வெனிலினைவிடச் சில மடங்கு வீரியமான எத்தில் வெனிலின் அதில் உண்டு. பெயர் நம்ம பக்கத்து முகலாயத் தோட்டம். 'டோங்கா' என்று போட்டிருந்தால் கூமரின், காய்ந்த வைக்கோலும் பாதாமும் கலந்த மாதிரி இருக்கும்.

கடையில் பேப்பரில் அடித்து மோந்து உடனே வாங்காதீர்கள். முதல் ஐந்து நிமிஷம் வருவது எலுமிச்சை, ஏலக்காய் மாதிரி ஓடிப்போகிற பார்ட்டி. நீங்கள் காசு கொடுப்பது மூன்று மணி நேரம் கழித்து மிஞ்சுவதற்கு. மணிக்கட்டில் போட்டுக்கொண்டு வெளியே போய் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து முடிவு பண்ணுங்க. ஏ.சி. கடைக்குள் இதமாக இருப்பது வாசல் வெயிலில் என்ன ஆகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அத்தர் என்றால் விலையைப் பாருங்கள். நிஜ சந்தன எண்ணெய் இப்போது எட்டாத விலை, மரமே அரிதாகிவிட்டது. அதனால் பாரஃபின் எண்ணெய் மாதிரியான மலிவு அடிப்படையில் செய்வது சகஜம். டீ செலவுக்குக் கிடைக்கிற பாட்டிலில் "சந்தன பேஸ்" என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள். வாசனை பிடித்திருந்தால் வாங்கலாம், சந்தனம் என்று நம்பி வாங்கக் கூடாது, அவ்வளவுதான். கிராம்பு, பட்டை, பாசி வகைகள் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும். முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பார்த்த பிறகு கழுத்துக்குப் போங்க. குளிரில் தோல் வறண்டிருந்தால் எதுவும் நிற்காது, வாசனை இல்லாத வாசலின் கொஞ்சம் தேய்த்துவிட்டு அதன் மேல் வையுங்கள். வெள்ளைச் சட்டையில் அத்தரை நேராக வைக்காதீர்கள். ஷமாமா கறை போகாது. என்னிடம் சாட்சி இருக்கிறது.

அளவு? கண்ணாடிக் குச்சியில் ஒரு இழுப்பு, அதுவும் மஃப்ளர் கட்டுகிற ஊரில்.

போன மாசம் காரைக்குடி போனபோது பாட்டிலை அப்பத்தாவிடம் காட்டினேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்து, நெற்றியைச் சுருக்கி, அஞ்சறைப் பெட்டியை எடுத்து வந்து முன்னால் வைத்தார்கள். "இதுக்காடா காசு குடுத்த?" காசு கொடுக்கவில்லை, நண்பன் கொடுத்தது என்றேன். மறுபடி ஒரு தடவை மோந்தார்கள். பிறகு மூடியை இறுக்கி, பாட்டிலைத் துணியில் சுற்றி, என் கையில் தராமல் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "இது இந்த வெயிலுக்கு ஆகாது, மார்கழிக்கு வா, தாரேன்" என்றார்கள்.